சூடான சாம்பாரும் பிளாஸ்டிக் பையும்

பொழுது சாயும் வேளையில் பாரூர்க் கடைவீதியிலோ ஓசூர்த் தொழிற்பேட்டையின் அருகிலோ சற்று நின்று பார்த்தால், அடுப்பிலிருந்து இறக்கிய சாம்பாரை மெல்லிய பிளாஸ்டிக் பையில் ஊற்றி, வாயை நூலால் இறுகக் கட்டிக் கொடுப்பதைக் காணலாம். வேலை முடிந்து திரும்பும் தொழிலாளி அதை வாங்கிச் சென்று குழந்தைகளுக்குப் பரிமாறுகிறார். தேநீரும் இவ்வாறே பையில் பிரயாணம் செய்கிறது. இத்தனை சௌகரியமான வழக்கத்தில் என்ன கெடுதல் என்று நேயர்கள் வினவலாம். அதைச் சற்று விசாரிப்போம்.

பிளாஸ்டிக் என்பது ஒரே வஸ்து அன்று. நீண்ட சங்கிலி போன்ற மூலக்கூறுகளே அதன் உடல். அது வளைந்து கொடுக்கவும், நிறம் பெறவும், நைந்து போகாதிருக்கவும் வேறு பல ரஸாயனங்களைச் சேர்க்கிறார்கள். இவற்றுள் பல அச்சங்கிலியோடு பிணைந்தவை அல்ல; இடையே தங்கியிருப்பவைதாம். சூடும், எண்ணெயும், புளிப்பும் அவற்றை வெளியே இழுக்கின்றன. நமது சாம்பாரிலோ இம்மூன்றும் ஒருங்கே குடிகொண்டிருக்கின்றன!

பி.வி.ஸி. என்னும் பிளாஸ்டிக்கை மிருதுவாக்கும் தாலேட்டுகளும், பாலிகார்பனேட் பாத்திரங்களிலும் சில தகர டப்பாக்களின் உட்பூச்சிலும் காணும் பிஸ்பீனால்-ஏ என்பதும், உடலின் ஹார்மோன்களது வேலையில் தலையிட வல்லவை. தெர்மோகோல் தட்டுக்கு மூலமான ஸ்டைரீனை, 'அநேகமாகப் புற்றுநோய் விளைவிப்பது' என்ற வகுப்பில் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி ஸ்தாபனம் 2018-இல் சேர்த்தது. காகிதக் குவளையும் நிரபராதி அன்று. அதன் உட்புறத்தில் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு உண்டு. அதில் 100 மில்லி சுடுநீரை 15 நிமிஷம் வைத்திருந்தால் சுமார் 25,000 நுண் பிளாஸ்டிக் துகள்கள் கலந்துவிடுகின்றன என்று கரக்பூர் ஐ.ஐ.டி. ஆராய்ச்சியாளர்கள் கண்டனர்.

ஒரு வேளைச் சாம்பாரால் எவரும் நோயில் விழுந்துவிடுவதில்லை. ஆகையால் வீண் பீதி வேண்டாம். அளவைப் பற்றி நிபுணர்களுக்குள்ளேயே அபிப்பிராய பேதம் உண்டு. பிஸ்பீனால்-ஏ நாள்தோறும் உடலில் சேரத்தக்க அளவை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஸ்தாபனம் 2023-இல் முன்னிலும் 20,000 மடங்கு குறைத்தது. ஜெர்மானிய நிபுணர்கள் அவ்வளவு கடுமை தேவையில்லை என்றனர். எனினும் உணவைத் தொடும் பொருள்களில் அதை விலக்க ஐரோப்பா 2024 டிஸம்பரில் தீர்மானித்தது. கருவுற்ற மாதருக்கும் வளரும் சிசுக்களுக்கும் எச்சரிக்கை அதிகம் வேண்டும் என்பதில் ஐயமில்லை.

நமது நாட்டில் சட்டத்திற்குக் குறைவில்லை. கர்நாடகம் 2016-லேயே பிளாஸ்டிக் பைகளைத் தடுத்தது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் பைகள், உணவு கட்டும் தாள்கள், பிளாஸ்டிக் பூசிய குவளைகள் உள்ளிட்ட 14 வகைப் பொருள்களுக்குத் தடை வந்தது. 2021 டிஸம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கமும் தொடங்கிற்று. எல்லையின் இருபுறமும் தடை இருக்க, பை மட்டும் இருபுறமும் தாராளமாக உலவுகிறது!

கடைக்காரரை மட்டும் நொந்து பயனில்லை. பையின் விலை சொற்பம். வாடிக்கையாளர் வெறுங்கையுடன் வருகிறார். இல்லையென்றால் அடுத்த கடைக்குப் போய்விடுவார். ஆகவே பரிகாரம் வாங்குவோர் கையில்தான் தொடங்க வேண்டும். ஒரு எவர்ஸில்வர் தூக்கு வீட்டிலிருந்து புறப்பட்டால் சாம்பார்ப் பைக்கு வேலையில்லை. இட்லிக்கும் சோற்றுக்கும் வாழை இலையும் மந்தாரை இலையும் இருக்கின்றன. பழைய செய்தித்தாளில் பலகாரம் கட்டுவது மாற்று ஆகாது. அச்சு மை உணவில் ஏறும் என்பதால் 2018-ஆம் வருஷத்து உணவுக் கட்டுமான விதிகள் அதையும் விலக்கியுள்ளன.

அந்நியத் துணியை வேண்டாமென்று மறுத்துக் கதரை உடுத்திய ஜனங்கள் நாம். அன்று சட்டம் நமக்கு விரோதமாக இருந்தும் மன உறுதி துணை நின்றது. இன்று சட்டம் நம் பக்கம் இருக்கிறது. குழந்தையின் தட்டில் விழும் உணவுக்காக ஒரு தூக்கைச் சுமப்பது பெரிய தியாகமா?