விடைத்தாள் திருத்தும் கெமரா: ஓப்பன்சிவியை செயலியில் இணைப்பது எப்படி?

நாற்பது பல்தேர்வு வினாக்கள், வகுப்பில் நாற்பது பிள்ளைகள். துளையிட்ட அட்டையை வைத்து எண்ணும்போது நம் கண்ணும் களைத்து விடுகிறது. இந்த வேலையைக் கையடக்கத் தொலைபேசியின் கெமராவிடம் ஒப்படைக்கும் ஒரு செயலியை உயர்தர ஐ.சி.ரி. மாணவர்களாலேயே ஆக்க முடியும்.

இதற்கு உதவுவது ஓப்பன்சிவி எனும் இலவச நூலகம். இன்டெல் நிறுவனத்தில் 1999இல் ஆரம்பமானது. முன்பு அன்ட்ரொய்டில் இதை இணைப்பது பெரும் தலைவலி. 4.9.0 பதிப்பு முதல் கிரேடில் கோப்பில் ஒரு வரி சேர்த்தாலே போதும். ஆனால் செயலி திறந்ததும் நூலகத்தை ஏற்றும் கட்டளையை மறந்தால், முதல் அழைப்பிலேயே செயலி நின்றுவிடும்.

உண்மையான சிக்கல் கெமரா பக்கம்தான். கெமராஎக்ஸ் தரும் படம் நாம் நினைக்கும் வண்ணப் படமல்ல; வெளிச்சம் ஒரு அடுக்கிலும் நிறம் வேறு அடுக்குகளிலும் இருக்கும். விடைத்தாளுக்கு நிறம் எதற்கு? முதல் அடுக்கை மட்டும் எடுத்தால் கறுப்பு வெள்ளைப் படம் கையில். ஒவ்வொரு வரியின் முடிவிலும் சில வெற்று பைட்டுகள் இருக்கலாம். அவற்றைக் கழிக்காவிட்டால் படம் சரிந்து தெரியும். பல தொலைபேசிகளில் கெமரா உணரி பக்கவாட்டாகப் பொருத்தப்பட்டிருப்பதால் படத்தை 90 பாகை திருப்பவும் வேண்டும். ஒரு படத்தை ஆராய்ந்து முடிந்ததும் அதை மூடிவிட வேண்டும். இல்லாவிட்டால் திரையில் காட்சி ஓடிக்கொண்டிருக்கும், ஆராய்வதற்கு அடுத்த படம் வரவே வராது. எங்கே பிழை என்று தெரியாமல் இரவு முழுக்கத் தேட வைக்கும் இடம் இதுதான்.

அதன்பின் வேலை இலகு. தாளின் நான்கு மூலைகளைக் கண்டுபிடித்து, சரிவாகப் பிடித்த படத்தை நேராக்கி, ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் எத்தனை கரும்புள்ளிகள் என எண்ணுவது. முழுத் தாளுக்கும் ஒரே வெளிச்ச அளவை வைக்கக் கூடாது. ஆசிரியரின் கை நிழல் ஒரு மூலையில் விழுந்தாலே அந்தப் பகுதி முழுதும் கறுப்பாகிவிடும். சிறு சிறு பகுதியாக அளவை மாற்றும் முறை ஓப்பன்சிவியிலேயே உண்டு.

நம் பிள்ளைகள் வட்டத்தை நிரப்புவதில்லை, புள்ளடிதான் போடுகிறார்கள். மெலிதாகப் போடும் பிள்ளையும் உண்டு, அழித்து மாற்றிப் போடும் பிள்ளையும் உண்டு. புள்ளி வழங்குவது ஓர் அமானிதம். எனவே எண்ணிக்கை இடைநடுவில் நிற்கும் வினாக்களை செயலி தானே தீர்மானிக்காமல், அந்தத் துண்டுப் படத்தை ஆசிரியருக்குக் காட்டிக் கேட்க வேண்டும். மாணவர்கள் இதைச் செய்யும்போது நான் முதலில் பார்ப்பது இந்தப் பகுதியைத்தான்.

இன்னொன்று, தாளில் பிள்ளையின் பெயரும் சுட்டெண்ணும் இருக்கின்றன. கணிப்பு முழுவதும் தொலைபேசிக்குள்ளேயே நடப்பதால் இந்தச் செயலிக்கு இணைய அனுமதி தேவையே இல்லை. கேட்காமலே விடுங்கள்.