கப்பலில் பிள்ளைகளுக்குத் தனி அறை: சீட்டில் ஒரு பெயர், கட்டிலில் ஒரு பெயர்

அப்பா, அம்மா, கல்லூரிக்குப் போகும் மகன், பத்தாம் வகுப்புப் படிக்கும் மகள் என்று நான்கு பேர் கப்பல் சுற்றுலாவுக்குக் கிளம்பினால், பணம் கட்டும் நேரத்தில் முதலில் வந்து நிற்கும் சிக்கல் அறைதான். சாதாரணக் கேபின் ஒன்றின் பரப்பு ஏறத்தாழ 150 முதல் 190 சதுர அடி. அதற்குள் பெரிய கட்டில் ஒன்று, கூரையிலிருந்தோ சுவரிலிருந்தோ இறங்கும் படுக்கைகள் இரண்டு, நால்வருக்கும் சேர்த்து ஒரே குளியலறை. வளர்ந்த பிள்ளைகளோடு ஐந்தாறு இரவுகளை அப்படிக் கழிப்பது யாருக்குமே சிரமம். அதனால் இரண்டு அறை கேட்கிறார்கள். உடனே டிராவல் ஏஜென்ட்கள் சொல்லும் பழைய யோசனை ஒன்று உண்டு: “ஒரு ரூம்ல சாரும் பையனும், இன்னொண்ணுல மேடமும் பொண்ணும்னு பேர் போட்டுடறேன். கப்பல் ஏறினப்புறம் நீங்க எப்படி வேணாலும் மாத்திக்கோங்க.” பதின்ம வயதுப் பிள்ளைகளுக்குத் தனி அறை கொடுப்பதில் தவறு ஏதும் இல்லை, பல குடும்பங்களுக்கு அதுவே நல்லது. ஆனால் அந்த அறையை விதி இடம்தரும் வழியில், எண்ணைத் தெரிந்துகொண்டு, பக்கத்திலேயே வாங்க வேண்டும். ஏஜென்டின் குறுக்குவழி பிள்ளைகளின் பாதுகாப்பையும் குறைக்கிறது, பின்னால் கேட்கவேண்டிய நியாயத்தையும் பலவீனமாக்குகிறது.

விதி எங்கே இடம்தருகிறது என்பதை முதலில் பார்ப்போம். ராயல் கரீபியன் நிறுவனத்தின் கப்பலில், வட அமெரிக்கத் துறைமுகங்களிலிருந்து கிளம்பும் பயணம் என்றால், 21 வயது நிறைந்த ஒருவர் ஒவ்வொரு அறையிலும் இருக்க வேண்டும். ஆசியா, ஐரோப்பா போன்ற இடங்களிலிருந்து கிளம்பும் பயணங்களுக்கு அந்த வயது 18. கார்னிவல் நிறுவனம் இன்னும் கறாரானது. 21 வயது நிரம்பாதவரோடு 25 வயதாவது ஆன உறவினரோ காப்பாளரோ வர வேண்டும் என்கிறது. இந்த நிறுவனங்களே பெற்றோரோடு வரும் பிள்ளைகளுக்கு ஒரு விலக்கும் வைத்திருக்கின்றன. பெற்றோரின் அறை பக்கத்திலோ எதிரிலோ அல்லது இவ்வளவு அறைகளுக்குள் என்று வரையறுத்த தூரத்திலோ இருந்தால், பிள்ளைகள் இருவரை மட்டுமே ஓர் அறையில் பதிவுசெய்யலாம். பிள்ளையின் வயது கூடக்கூட அந்தத் தூரத்தையும் கூட்டிக்கொடுக்கும் நிறுவனம் உண்டு. ஆக, மேலே சொன்ன பொய்க்கணக்குக்குப் பல நேரங்களில் தேவையே இல்லை. உண்மையைச் சொல்லியே தனி அறை வாங்கிவிடலாம். ஏஜென்டுக்கு விலக்கு தெரியாது, அல்லது பக்கத்துப் பக்கத்து அறைகளைத் தேடிப் பிடிக்கும் வேலை பிடிக்காது. வயது பார்ப்பது பணம் கட்டும் நாளில் அல்ல, கப்பல் கிளம்பும் நாளில் என்பதையும் நினைவில் வையுங்கள். சிங்கப்பூரில் ஏறும்போது பெரியவராகக் கணக்கிடப்படும் 19 வயது பொறியியல் மாணவர், அதே நிறுவனத்தின் கப்பலில் மயாமியில் ஏறினால் துணை வேண்டியவர் ஆகிவிடுகிறார். அமெரிக்காவில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போய், அங்கிருந்து பேரப்பிள்ளைகளோடு கப்பல் ஏறும் குடும்பங்கள் இந்த இடத்தில்தான் தடுமாறுகின்றன. விதிக்குப் பொருந்தாமல் துறைமுகத்தில் போய் நின்றால், ஏற்ற மறுத்துப் பணத்தையும் திருப்பித் தராமலிருக்க ஒப்பந்தம் நிறுவனத்துக்கு இடம் கொடுக்கிறது.

அடுத்தது, பக்கத்து அறை என்றால் என்ன என்ற கேள்வி. நடுவில் கதவு உள்ள இரட்டை அறை ஒரு வகை. வெறுமனே சுவரைப் பகிர்ந்துகொள்ளும் அடுத்தடுத்த அறை இன்னொரு வகை. ஏஜென்ட்கள் இரண்டையும் ஒரே பேச்சில் சொல்லிவிடுவார்கள். நடுக்கதவு உள்ள அறைகள் ஒரு கப்பலில் குறைவு என்பதால் சீக்கிரம் தீர்ந்துபோகும். அந்தக் கதவு வழியே சத்தம் கேட்கும் என்று சிலர் அதைத் தவிர்ப்பதும் உண்டு. பிள்ளைகளை வைத்திருப்பவர்களுக்கு அந்தச் சத்தமே ஒரு வசதி. இதைவிடப் பெரிய கண்ணி, நிறுவனமே பிறகு எண் ஒதுக்கும் மலிவுச் சீட்டு. அதில் அறையின் வகை மட்டுமே உறுதி, இடம் உறுதியில்லை. ஐக்கான் ஆஃப் தி சீஸ் போன்ற கப்பலின் நீளம் 365 மீட்டர், தளங்கள் 20. பெற்றோர் ஒரு தளத்தின் முன்கோடியிலும் பிள்ளைகள் வேறொரு தளத்தின் பின்கோடியிலும் விழுந்தால், நடுராத்திரியில் ஒரு அழைப்புக்கு ஓடிப்போகப் பத்து நிமிடம் ஆகலாம். அறையை உயர்த்திக்கொள்ள ஏலத்தொகை கேட்கும் மின்னஞ்சல்களும் இதே வேலையைச் செய்யும். ஒரு அறைக்கு மட்டும் உயர்வு கிடைத்து, பெற்றோர் மேல்தளத்துக்குப் போய்விடுவார்கள். இரண்டு பதிவுகளையும் ஒன்றோடொன்று இணைக்கச் சொல்வதும், அறையை மாற்றக்கூடாது என்று குறிப்பு எழுதச் சொல்வதும் செலவில்லாத காரியங்கள். கேட்டால்தான் செய்வார்கள்.

தூரத்தை ஏன் இவ்வளவு பெரிதாகப் பேசவேண்டும்? கப்பலில் எங்கே போய்விடப் போகிறார்கள், சுற்றிலும் கடல்தானே என்ற எண்ணம் நம்மிடையே ஆழமாக இருக்கிறது. சுற்றிலும் கடல் என்பது உண்மை. நடுவில் இருப்பது ஒருவரை ஒருவர் அறியாத ஐயாயிரம் ஆறாயிரம் பேர் தங்கும் ஓர் ஊர். கப்பல்களில் நடக்கும் பாலியல் குற்றங்களைப் பற்றி 2007-இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் பேசிய எஃப்பிஐ அதிகாரி, அவை பெரும்பாலும் தனிக் கேபின்களுக்குள் நடப்பதாகவும் பலவற்றில் மது சம்பந்தப்பட்டிருப்பதாகவும் சொன்னார். 2013-இல் செனட்டர் ராக்ஃபெல்லர் தலைமையிலான செனட் குழுவின் அறிக்கை, நிறுவனங்கள் கொடுத்த விவரங்களின்படியே, பாலியல் தாக்குதல் புகார்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சிறார் பாதிக்கப்பட்டவை என்றது. கோடிக்கணக்கானோர் பயணம் செய்யும் தொழிலில் இந்தப் புகார்களின் எண்ணிக்கை சிறியது. யாரையும் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. ஆபத்து நீச்சல்குளத்தருகே இல்லை, மூடிய கதவுக்குப் பின்னால் இருக்கிறது என்பதுதான் இதில் நமக்கு வேண்டிய செய்தி. அப்படியானால் பிள்ளைகளின் கதவு பெற்றோரின் காதுக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். கதவைத் தட்டுபவர் யார் என்று துளை வழியே பார்த்த பிறகே திறப்பது, புதிதாகப் பழகிய யாரையும் அறைக்குள் விடாதது, அவர்கள் அறைக்குப் போகாதது ஆகியவற்றைக் கப்பல் ஏறும் முன்பே பேசிவைக்க வேண்டும். அறையில் குளிர்பெட்டி இருந்தால் அதிலுள்ள மதுவை எடுத்துவிடச் சொல்லலாம். கப்பலில் அறைச் சாவியாகவும் பணம் கொடுக்கவும் பயன்படும் அட்டையில், பிள்ளைகளுக்குச் செலவுசெய்யும் வசதியையும் நிறுத்திவைக்கலாம்.

அப்படியென்றால் நால்வரையும் ஒரே அறையில் வைத்துவிடுவதுதானே, பணமும் மிச்சம் என்று கேட்கலாம். பணக்கணக்கு நியாயமானது. ஓர் அறையில் முதல் இருவர் முழுக்கட்டணம் கட்ட, மூன்றாமவருக்கும் நான்காமவருக்கும் கட்டணம் குறையும். பிள்ளைகளுக்கு இலவசம் என்ற சலுகையும் அந்த இரண்டு இடங்களுக்குத்தான். இரண்டு அறையாகப் பிரித்தால் அது போய்விடும். ஆனால் பால்கனி வைத்த ஓர் அறைக்குக் கொடுக்கும் பணத்துக்கு ஏறக்குறைய இணையாக, ஜன்னலில்லாத இரண்டு உள்ளறைகள் கிடைக்கும் பயணங்களும் உண்டு. கணக்குப் போட்டுப் பார்க்காமல் முடிவெடுக்க வேண்டாம். பாதுகாப்பு என்று பார்த்தாலும், ஒரே அறை தானாகவே பாதுகாப்பு ஆகிவிடாது. உடை மாற்றவும் இடமில்லாத அறையில் பதினாறு வயதுப் பெண் இருக்க விரும்பமாட்டாள். இரவு நெடுநேரம் தளங்களில் சுற்றுவாள். பல கப்பல்களில் 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் நள்ளிரவு 1 மணிக்குமேல் துணையின்றிப் பொது இடங்களில் நிற்கக்கூடாது என்ற கட்டுப்பாடு இருப்பது, நிறுவனங்களும் இதைக் கவனித்திருப்பதைக் காட்டுகிறது. திரும்பிப் போகப் பிடித்த அறை ஒன்று, அப்பா அம்மாவின் அறையை ஒட்டி இருக்குமானால், பிள்ளைகள் சீக்கிரமே அதற்குத் திரும்புவார்கள்.

எல்லோரும்தான் பேர் மாற்றிப் போட்டுப் போகிறார்கள், கப்பலில் யாரும் கேட்பதில்லை என்பது இன்னொரு வாதம். யாரும் கேட்பதில்லை என்பது பெரும்பாலும் உண்மை. பணிப்பெண்ணோ பணியாளரோ எந்தக் கட்டிலில் யார் படுத்தார் என்று குறித்துவைப்பதில்லை. சிக்கல் பதிவேட்டில் இருக்கிறது. 2012 ஜனவரியில் இத்தாலியக் கரையோரம் கோஸ்டா கான்கார்டியா கவிழ்ந்து 32 பேர் இறந்தபோது, கடைசியாக ஏறியவர்களுக்கு அவசரகாலப் பயிற்சி நடந்திருக்கவில்லை. அதன்பின் பன்னாட்டு விதி திருத்தப்பட்டு, 2015 முதல் கப்பல் கிளம்பும் முன்போ கிளம்பியவுடனோ பயிற்சி கட்டாயம். ஆபத்து நேரத்தில் எந்த இடத்தில் கூடவேண்டும் என்பது அவரவர் பெயரிலுள்ள அட்டையில் இருக்கிறது. அடுத்தடுத்த அறைகளுக்குக் கூடுமிடம் அநேகமாக ஒன்றே. தொலைவில் உள்ள இரண்டு அறைகளில் பெயர்களைப் பிரித்துப் போட்டால், அபாயமணி அடிக்கும்போது ஒரே அறையில் தூங்கும் அண்ணனும் தங்கையும் இரண்டு இடங்களுக்கு ஓட வேண்டியிருக்கும். அதைவிட மோசம், வசதிக்காக ஒருவர் அட்டையை மற்றவர் வைத்துக்கொள்வது. இன்றைய பூட்டுகள் எந்த அட்டை எந்த நேரத்தில் திறந்தது என்று பதிவுசெய்கின்றன. பிள்ளையைக் காணோம் என்று தேடும்போதோ, அறைக்குள் யார் வந்தார் என்று விசாரிக்கும்போதோ அந்தப் பதிவே முதல் சாட்சி. அப்பாவின் அட்டையால் மகன் கதவைத் திறந்திருந்தால் அந்தச் சாட்சி தவறாகப் பேசும். பெயர் பிரித்துப் போட்டே ஆகவேண்டிய நிலை வந்துவிட்டால், வரவேற்பு மேசையில் உண்மையைச் சொல்லி, இரண்டு அறைக்கும் கூடுதல் சாவி அட்டை வாங்கிக்கொள்ளுங்கள். மறுத்தால், அதைத் தெரிந்துகொள்வதும் நல்லதே.

நம் குடும்பங்களில் இன்னொரு வழக்கம், சித்தப்பா பிள்ளைகளையும் மாமா பிள்ளைகளையும் சேர்த்து அழைத்துப்போவது. மேலே சொன்ன விலக்கு பெற்றோருக்கும் காப்பாளருக்கும் உரியது. சித்தப்பா என்பதாலேயே ஒருவர் காப்பாளர் ஆகிவிடமாட்டார். பிள்ளையின் பெற்றோர் கையெழுத்திட்ட ஒப்புதல் கடிதமும், அவசரச் சிகிச்சைக்கான அனுமதியும் கையில் இருக்க வேண்டும். நோட்டரி முத்திரையோடு இருந்தால் குடியேற்ற அதிகாரிகளிடமும் உதவும்.

தீர்வுகளுக்கு வருவோம். அமெரிக்காவில் ஏறும் அல்லது இறங்கும் பயணங்களுக்கு 2010-ஆம் ஆண்டின் கப்பல் பயணப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும். தளத்தின் ஓரத் தடுப்புக் கைப்பிடி குறைந்தது 42 அங்குல உயரம், கதவில் பார்வைத்துளை, பணியாளர்களில் யார் எப்போது அறைக்குள் வரலாம் என்ற வரையறை ஆகியவை அதில் உள்ளன. பாலியல் குற்றம் நடந்துவிட்டால் தடய மருத்துவப் பரிசோதனையையும், காவல் துறையோடும் வழக்கறிஞரோடும் தனிமையில் பேசத் தொலைபேசியையும் கப்பல் கொடுத்தாக வேண்டும். சிங்கப்பூரிலிருந்தோ, 2022 முதல் சொகுசுக் கப்பல் கிளம்பும் சென்னையிலிருந்தோ போகும் பயணத்துக்கு அந்தச் சட்டம் வராது. கப்பல் எந்த நாட்டுக் கொடியின் கீழ் ஓடுகிறது, எந்தக் கடலில் இருந்தது, அடுத்த துறைமுகம் எது என்பதைப் பொறுத்தே யார் விசாரிப்பது என்பது முடிவாகும். எங்கே நடந்தாலும் கப்பலின் பாதுகாப்பு அலுவலரிடம் எழுத்தில் புகார் கொடுத்து நகல் வாங்குவதும், கண்காணிப்புக் கேமரா பதிவை அழிக்காமல் வைக்கச் சொல்லி அன்றே எழுதிக்கொடுப்பதும் முதல் வேலை. சீட்டோடு வரும் ஒப்பந்தத்தை யாரும் படிப்பதில்லை. எந்த ஊர் நீதிமன்றம், எத்தனை நாளுக்குள் என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1991-இல் கார்னிவல் வழக்கில், ஃபுளோரிடாவில்தான் வழக்குப் போடவேண்டும் என்ற சீட்டு நிபந்தனையைச் செல்லும் என்று ஏற்றுக்கொண்டது. காயத்துக்கான வழக்குகளுக்கு அங்கே ஒப்பந்தங்கள் வழக்கமாகக் கொடுப்பது ஒரே ஆண்டு. பாதிக்கப்பட்டவர் சிறார் என்றால் சட்டம் அந்தக் கெடுவைக் கொஞ்சம் தள்ளிவைக்கிறது.

இந்தியாவில் பணம் கட்டியவருக்கு வழி இன்னும் பக்கத்தில் இருக்கிறது. பக்கத்து அறை என்று வாக்குக் கொடுத்துவிட்டு வேறு தளத்தில் அறை கொடுத்தால், அது 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி சேவைக் குறைபாடு. ஏஜென்ட் எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுக்கட்டணம் இல்லை. காலக்கெடு இரண்டு ஆண்டுகள். ஆனால் வாயால் கொடுத்த வாக்கை ஆணையத்தில் நிரூபிப்பது கடினம். இரண்டு அறைகளின் எண், தளம், நடுக்கதவு உண்டா இல்லையா, பிள்ளைகளின் பெயர் எந்த அறையில் என்பதை வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்கிய பிறகே முன்பணம் கட்டுங்கள். பெயரை மாற்றிப் போடச் சம்மதித்தவர் என்றால், எதிர்த்தரப்பு முதலில் எடுத்துக் காட்டப்போவது அந்தச் சம்மதத்தைத்தான். வழக்குக்கு முன் பேசிப்பார்க்க தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.