ஸ்கேன் பரிசோதனையும் நமது கடமையும்

கம்பம் பள்ளத்தாக்கிலே திராட்சைத் தோட்டத்திலும் வாழைத் தோட்டத்திலும் கூலி வேலை செய்யும் கர்ப்பிணி ஒருத்தியை, வைத்தியர் “ஸ்கேன்” எடுத்து வரச் சொன்னால், வீட்டிலே இரண்டு கேள்விகள் எழுகின்றன. “அதனால் சிசுவுக்குக் கெடுதல் உண்டோ?” என்பது ஒன்று. “என்ன குழந்தையென்று சொல்வார்களா?” என்பது மற்றொன்று. முன்னது அறியாமையாற் பிறப்பது, பொறுக்கத் தக்கது. பின்னதோ, இத்தேசத்திலே எண்ணிறந்த பெண் மகவுகளின் உயிரைக் குடித்த கேள்வி.

முன்னதற்கு விடை எளிது. எக்ஸ்-கதிருக்கும் இதற்கும் ஸம்பந்தமே கிடையாது. இது ஒலி. போடிமெட்டுச் சரிவில் நின்று கூவினால் எதிர்மலை மறுமொழி சொல்கிறதல்லவா? அதுவே இங்கும் நடப்பது. மனிதர் செவிக்கு எட்டும் ஒலி வினாடிக்கு 20,000 அதிர்வுகளோடு நின்றுவிடும். வைத்தியர் கையிலுள்ள கருவியின் ஒலியோ 20 லட்சம் அதிர்வுகளுக்கும் மேற்பட்டது. உடலுக்குள் வினாடிக்குச் சுமார் 1,540 மீட்டர் வேகத்தில் அது பாய்ந்து, எலும்பிலும் தசையிலும் நீரிலும் வெவ்வேறு விதமாய்ப் பட்டுத் திரும்புகிறது. திரும்பும் நேரத்தையும் வலிமையையும் கணித்து யந்திரம் படம் வரைகிறது. உலோகத்தில் மறைந்த விரிசலைத் தேடும் கருவியைக் கொண்டு ஆராய்ந்து, கிளாஸ்கோ நகரின் டாக்டர் இயன் டொனால்டும் அவருடைய துணைவர்களும் 1958-இல் இம்முறையை உலகுக்கு வெளியிட்டார்கள்.

ஊசியில்லை, வலியில்லை. காற்று ஒலியை மறித்துவிடுமாதலால் வயிற்றிலே குளிர்ந்த பசையொன்றைத் தடவுவார்கள். ஆரம்ப மாதங்களில் நீர் நிறையக் குடித்து வரச் சொல்வதுண்டு. 18 முதல் 20 வாரத்துக்குள் எடுக்கும் ஸ்கேனில் சிசுவின் இருதயம், மூளை, முதுகெலும்பு ஆகியவற்றைப் பார்ப்பார்கள். எல்லாக் குறையும் தெரிந்துவிடுமென்று நம்பவும் வேண்டாம். ஆயினும், நஞ்சு கருப்பையின் வாயை மறைத்துக் கிடப்பதாகத் தெரிந்தால், மேகமலை அடிவாரத்துக் குக்கிராமத்திலிருக்கும் தாயை, உதிரம் பெருகுமுன்னே க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடலாம். ஓர் உயிரல்ல, இரண்டு உயிர்கள் பிழைக்கும்.

இத்தகைய யந்திரத்தையா பெண் சிசுவை வேட்டையாட ஏவுவது! ஆண்டிபட்டிக் கணவாய்க்கு அப்பால், உசிலம்பட்டியின் பெண் சிசுக்கொலைச் செய்தி 1986-இல் நாட்டையே தலைகுனிய வைத்தது. 1992-இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தை 2001-இல் தேனிக்கும் விரிக்க நேர்ந்தது. அன்று எருக்கம்பால் செய்ததை இன்று யந்திரத்தால் செய்விக்க எண்ணுபவன் நாகரிகமடைந்தவன் ஆவானோ?

1994-ஆம் வருஷத்துச் சட்டப்படி சிசு ஆணா பெண்ணா என்று சொல்வது குற்றம். சமிக்ஞை காட்டுவதும் குற்றம். ஜாமீனில் விடத்தகாத குற்றம். முதல் முறைக்கே மூன்று வருஷம் வரை சிறை. கணவனும் உறவினரும் கட்டாயப்படுத்தியே அவள் உடன்பட்டாள் என்று, வேறுவிதமாய் நிரூபிக்கப்பட்டாலன்றி, கோர்ட்டார் அனுமானிக்க வேண்டுமாம். நமது குடும்பங்களின் நிலையறிந்து எழுதிய விதி! மேலும், உரிய அதிகாரிக்கு 15 நாள் அறிவிப்புக் கொடுத்துவிட்டு எந்தப் பிரஜையும் தாமே கோர்ட்டில் பிராது செய்யலாம். மேடைதோறும் பெண் விடுதலை முழங்கும் நமது தொண்டர்களில் எத்தனை பேர் இவ்வுரிமையைக் கையாண்டார்கள்?

சிசுவின் பாலைத் தெரிவிப்பது குற்றமென்னும் அறிவிப்புப் பலகை, ஒவ்வொரு ஸ்கேன் நிலையத்திலும் ஜனங்களுக்கு விளங்கும் பாஷையில் தொங்கவேண்டும். கம்பத்திலும் உத்தமபாளையத்திலும் கடைவீதிக்குப் போகிறவர்கள் சற்று உள்ளே எட்டிப் பார்த்து வரட்டும்.