நமது வீட்டு விவிலியம் திறந்திருக்கிறதா?



இரணியலிலிருந்து பத்மநாபபுரமும், புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டையும் சில கிலோமீட்டர் தொலைவுதான். கடற்கரைப் பக்கம் சென்றால் குளச்சல். இந்த மூன்று ஊர்களையும் இணைக்கும் ஒரு வரலாறு, விவிலியத்தை நாம் ஏன் அன்றாடம் வாசிக்க வேண்டும் என்பதை நமக்குக் கற்றுத்தருகிறது.

1741ஆம் ஆண்டு குளச்சல் போரில் டச்சுப் படை மார்த்தாண்டவர்ம மன்னரிடம் தோற்றது. அப்போது பிடிபட்டவர்களுள் ஒருவர் டிலனாய். கத்தோலிக்கரான இவர், பின்னர் மன்னரின் படைக்குப் பயிற்சி அளித்துத் தளபதியாக உயர்ந்தார். அரண்மனைப் பணியில் இருந்த நட்டாலம் நீலகண்டன் இவருடைய நண்பரானார். அந்நாட்களில் நீலகண்டனின் கால்நடைகள் மடிந்தன, பயிர்கள் அழிந்தன. அவர் மனமுடைந்து போனார். நண்பரின் முகவாட்டத்தைக் கண்ட டிலனாய் காரணம் கேட்டறிந்து, யோபுவின் வரலாற்றை அவருக்கு எடுத்துச் சொன்னார் என்பது நம் மண்ணில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி.

அந்த உரையாடலில் விழுந்த விதை வளர்ந்தது. 1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில் நீலகண்டன் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1752 ஜனவரி 14 அன்று காற்றாடிமலையில் மறைசாட்சியாக உயிர் துறந்தார். 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். இந்தியப் பொதுநிலையினருள் புனிதர் நிலைக்கு உயர்த்தப்பட்ட முதல்வர் அவரே.

இங்கே நாம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். டிலனாய் குருவானவர் அல்ல; வேதியரும் அல்ல. அவர் ஒரு போர்வீரர். கத்தோலிக்க வீடுகளில் தமிழ் விவிலியம் இருந்த காலமும் அல்ல அது. ஆனால் விவிலியத்தின் ஒரு நூல் அவருடைய உள்ளத்தில் இருந்தது. தேவையான வேளையில் அது வெளியே வந்தது. யோபுவை அவர் அறியாதிருந்தால், "கவலைப்படாதீர்கள், எல்லாம் சரியாகிவிடும்" என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்.

யோபு நூல் நமக்குச் சொல்வது என்ன?

துன்பம் வரும்போது, "நான் என்ன பாவம் செய்தேன்?" என்று கேட்பது மனித இயல்பு. யோபுவைக் காண வந்த நண்பர்கள் ஏழு நாள்கள் அவரோடு தரையில் அமர்ந்து பேசாதிருந்தார்கள் (யோபு 2:13). அதுவரை அவர்கள் நல்ல நண்பர்கள். பிறகு வாய் திறந்தார்கள். பாவம் செய்ததால்தான் இந்தத் தண்டனை என்று கடவுளுக்காக வாதாடினார்கள். நூலின் முடிவில் கடவுள் கடிந்துகொள்வது, கண்ணீரோடு தம்மிடம் முறையிட்ட யோபுவை அல்ல. தமக்காக வாதாடிய நண்பர்களையே (யோபு 42:7).

இதை நாமும் தாமதமாகவே கற்றுக்கொண்டோம். சில ஆண்டுகளுக்கு முன், இளம் வயது மகனைப் பறிகொடுத்த ஒரு தாயைச் சந்திக்கச் சென்றிருந்தோம். "எல்லாம் இறைவனின் சித்தம் அம்மா" என்றோம். அந்தத் தாய் நிமிர்ந்து பார்த்து, "எல்லாரும் இதத்தான சாமி சொல்லுதாவ" என்றார். பல ஆண்டுகள் இறையியல் படித்தும், குருத்துவப் பணியில் பல வீடுகளுக்குச் சென்றும், நம்மிடம் அதற்குப் பதில் இல்லை. அடுத்த வாரம் மீண்டும் சென்று, யோபு நூலின் மூன்றாம் அதிகாரத்தை மெதுவாக வாசித்தோம். தாம் பிறந்த நாளையே யோபு சபிக்கும் பகுதி அது. "சாமிகிட்ட இப்படியும் பேசலாமா?" என்று கேட்டு, அன்றுதான் அவர் வாய்விட்டு அழுதார். நம்முடைய ஆறுதல் மொழி சாத்திய கதவை இறைவார்த்தை திறந்தது.

2004 டிசம்பர் 26 அன்று குளச்சலை ஆழிப்பேரலை தாக்கியதையும், 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் நம் மீனவர்களை வாரிச் சென்றதையும் கண்டவர்கள் நாம். இத்தகைய வேளைகளில் துயருற்றோரின் வீட்டு வாசலில் நாம் எதைச் சொல்லப் போகிறோம்? அன்று புத்தகத்தைத் தேடினால் கிடைக்காது. முன்னரே வாசித்து மனத்தில் பதித்தது மட்டுமே அன்று உதவும்.

ஞாயிறு வாசகங்கள் போதாதா?

"திருப்பலியில் கேட்கிறோமே, அது போதாதா?" என்று சிலர் கேட்கலாம். ஞாயிறு வாசகங்கள் மூன்று ஆண்டுச் சுழற்சியில் அமைந்தவை. அம்மூன்று ஆண்டுகளில் யோபு நூல் வாசிக்கப்படுவது, இரண்டாம் ஆண்டின் பொதுக்காலம் 5ஆம், 12ஆம் ஞாயிறுகளில் மட்டுமே. அவையும் சில வசனங்களே. 42 அதிகாரங்கள் கொண்ட நூலை இப்படி அறிந்துகொள்ள முடியாது. எனவேதான் இரண்டாம் வத்திக்கான் சங்கம், 1965இல் வெளியிட்ட இறைவெளிப்பாடு பற்றிய ஏட்டில், குருக்கள் மட்டுமல்ல, இறைமக்கள் அனைவரும் மறைநூலை அடிக்கடி வாசிக்குமாறு வேண்டியது. 2019இல் திருத்தந்தை பிரான்சிஸ், பொதுக்காலம் 3ஆம் ஞாயிறை இறைவார்த்தை ஞாயிறாக ஏற்படுத்தினார். 1995 முதல் எளிய தமிழில் பொது மொழிபெயர்ப்பு நம் கைகளில் உள்ளது. டிலனாய் காலத்து நம் முன்னோருக்குக் கிடைக்காத பேறு இது! ஆனால் பல வீடுகளில் அது திருமணப் பரிசாக வந்த நாள் முதல் கண்ணாடி அலமாரியில்தான் இருக்கிறது.

எப்படித் தொடங்கலாம்?

குடும்பச் செபத்தில் செபமாலைக்குப் பின் ஒரு அதிகாரம் வாசிப்போம். ஐந்து நிமிடம் போதும். மாற்கு நற்செய்தியில் 16 அதிகாரங்கள். பதினாறே நாள்களில் முடிந்துவிடும். நான்கு நற்செய்திகளிலும் சேர்த்து 89 அதிகாரங்கள்; மூன்று மாதம் போதும். பின்னர் யோபுவுக்கு ஆறு வாரம். பிள்ளைகள் வாசிக்கட்டும், தாத்தா பாட்டி கேட்கட்டும். புரியாத பகுதி வந்தால் குறித்து வைத்து, அன்பியக் கூட்டத்திலோ பங்குத்தந்தையிடமோ கேட்போம். ஒரு நாள் தவறினால் மனம் தளராமல் மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடர்வோம்.

அன்பார்ந்தவர்களே, உதயகிரிக் கோட்டைக்குள் டிலனாயின் கல்லறை இன்றும் இருக்கிறது. கோட்டாறு தூய சவேரியார் பேராலயத்தில் புனித தேவசகாயத்தின் கல்லறை இருக்கிறது. அடுத்த முறை அங்கே செபிக்கச் செல்லும்போது, ஒரு நண்பர் இன்னொரு நண்பருக்குச் சொன்ன விவிலியக் கதையை நினைத்துக்கொள்வோம். நம் தெருவிலும் இன்று ஒரு நீலகண்டன் வாடிய முகத்தோடு அமர்ந்திருக்கலாம். அவருக்குச் சொல்ல நம் உள்ளத்தில் இறைவார்த்தை இருக்கும்படி, இன்று மாலையே நமது வீட்டு விவிலியத்தைத் திறப்போம்.

இறைவார்த்தையான இயேசு நம் இல்லங்களை ஆசீர்வதிப்பாராக!