மடித்து வைத்த குல்லா

சென்னை வெயிலில் உல்லன் குல்லாவா என்று சிரிக்காதீர்கள், சகோதரிகளே! இரண்டாவது பெண் பிறக்கும் வரை நானும் அப்படிச் சிரித்தவள்தான்.

எட்டாம் மாசமே பிறந்து விட்டாள். எடை 1 கிலோ 900 கிராம். இரண்டரைக் கிலோவுக்குக் கீழ் இருந்தாலே எடை குறைந்த குழந்தைதான். குறைமாதப் பிள்ளைக்குத் தோலுக்கடியில் கொழுப்பு குறைவு, உடம்புக்குத் தலை பெரிசு, அதனால் சூடு சீக்கிரம் போய்விடும் என்றார் நர்ஸ். கங்காரு மாதிரி வெறும் மார்போடு அணைத்துக் கொள்ளச் சொன்னார்கள். 1978-ல் கொலம்பியா நாட்டு பொகோட்டா நகரில் ஆரம்பித்த முறையாம். குழந்தைக்குக் குல்லா, சாக்ஸ், இடுப்புத் துணி, அவ்வளவுதான் உடுப்பு.

ஸ்கூலில் கற்ற நிட்டிங் கை கொடுக்கும் என்று நினைத்தேன். தி.நகர் பாண்டி பஜாரில் பேபி உல்லன் வாங்கி வரச் சொல்லி இரண்டே நாளில் போட்டேன். ராத்திரி ஏ.சி. வார்டில் ஓரம் பாய் மாதிரி சுருண்டு மேலே ஏறி, காது இரண்டும் வெளியே. தொட்டால் பாதம் சில்லென்று இருந்தது. நர்ஸிடம் நல்ல திட்டு. அடுத்ததை இறுக்கிப் போட்டேன். நெற்றியில் சிவப்பாகத் தடம் விழுந்தது. அழுகையே வந்துவிட்டது.

மயிலாப்பூரில் அம்மா வீட்டுக்குக் கீழ் போர்ஷன் மாமி பார்க்க வந்தார். குல்லாவைத் திருப்பிப் பார்த்து, "ஒத்தை ஓரம் சுருண்டுக்கத்தான் செய்யும்டி. புடவைக்கு ஃபால்ஸ் மாதிரி உள்ளே மடிச்சு ரெட்டையாப் போடு" என்றார். அவர் சொன்னது இதுதான்:

10-ம் நம்பர் ஊசியில் 78 கண்ணி தளர்வாக ஏற்றவும். ஒரு வரிசை நிட், ஒரு வரிசை பர்ல் என்று 12 வரிசை. 13-வது நிட் வர வேண்டிய வரிசை. அதையும் பர்லாகப் போட்டால் வெளிப்பக்கம் ஒரு கோடு விழும். அதுதான் மடிப்பு. மறுபடி பர்லில் ஆரம்பித்து 11 வரிசை. இப்போது கோட்டில் உள்பக்கமாக மடித்து, ஊசியில் உள்ள ஒரு கண்ணியோடு, முதலில் ஏற்றிய ஓரத்தின் நேர் கண்ணி ஒன்றையும் சேர்த்து நிட் போடவும். வரிசை முடிந்தால் அதே 78 கண்ணி இருக்க வேண்டும். ஒன்று தவறினாலும் ஓரம் கோணிக் கொள்ளும், எண்ணிப் பாருங்கள்.

பிறகு 10 செ.மீ. பின்னி, இரண்டிரண்டாகச் சேர்த்துக் குறைத்து, நூலை இழுத்து முடிந்து, பின்பக்கம் தைத்தால் குல்லா தயார்.

இரண்டு மடிப்புக்கும் நடுவே காற்று நிற்பதால் காதுக்குக் கதகதப்பு. ஏற்றிய ஓரம் உள்ளே போய்விடுவதால் நெற்றியில் உறுத்தாது, சுருளாது. அன்று ராத்திரி குல்லா அசையவில்லை. காலையில் பாதம் வெதுவெதுப்பாக இருந்தது.

பாசி, குஞ்சம், ரிப்பன் வேண்டாம். பிய்ந்தால் குழந்தை வாயில் போகும். வீட்டுக்கு வந்தபின் வெயிலில் குல்லா போட்டுத் தூங்க வைக்காதீர்கள். அதிகச் சூடும் ஆபத்து. டாக்டரைக் கேட்டே செய்யுங்கள்.

என் பெண் இப்போது இரண்டாவது படிக்கிறாள். அந்தக் குல்லா அவள் பொம்மை தலையில்! தெரிந்தவர் வீட்டில் பிரசவம் என்றால் நான் கொண்டு போவது பழம் அல்ல, மடித்த ஓரம் வைத்த இரண்டு குல்லா.

- ஒரு வாசகி, அடையாறு, சென்னை-20