வெண்ணிறப் பாம்புகள்

நாகத்தைத் தெய்வமாகப் போற்றும் நம்மவர், வெண்ணிறப் பாம்பொன்றைக் காணின் அதனை அற்புதமெனக் கொள்ளுதல் இயல்பே. அவ்வெண்மைக்கு அறிவியல் வேறு காரணம் கூறும். மெலனின் என்னும் கருநிறமி உடலில் உண்டாகாமையே அது. இக்குறை பெரும்பாலும் பின்னிடைவான பரம்பரையலகால் வருவது. ஆதலின், சாதாரண நிறமுடைய தாய் தந்தை இருவரும் அதனை மறைவாகக் கொண்டிருப்பின், குஞ்சுகளுள் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு வெண்மையாகப் பிறத்தல் கூடும். மெண்டல் 1866இல் பட்டாணிச் செடிகளைக் கொண்டு விளக்கிய விதியும் இதுவே.

மேனாட்டார் இவ்விதியை வாணிகமாக்கினர். அச்சமுற்றவிடத்துப் பந்துபோற் சுருளும் ஆபிரிக்க மலைப்பாம்பில், வெண்மையும் மஞ்சளும் கலந்த வகையை 1992இல் அமெரிக்கரான பொப் கிளார்க் வளர்ப்புக் கூட்டில் இனம்பெருக்கினார். பின்னர்ப் புதுப்புது நிறவகைகள் தோன்றின. அவற்றின் ஒளிப்படங்களைக் கண்டே பலர் விலை பேசலாயினர். ஆயின் 'சிலந்தி' எனப்படும் வகை தலை நடுங்கித் தடுமாறும். உட்செவியின் அமைப்புப் பிறழ்வே அதற்கு ஏது. ஒளிப்படத்தில் அந்நடுக்கம் புலப்படுவதில்லை.

நமுனுகுலச் சாரலில் வாழ்வோர் இதனால் அறியவேண்டுவது ஒன்றுண்டு. நிறமி இன்றேனும் நஞ்சு குறையாது. நிறம் தோலைச் சார்ந்தது, நஞ்சு தனிச் சுரப்பியைச் சார்ந்தது. தேயிலை மலையில் வெண்ணாகம் எதிர்ப்படின், வழிபடவோ படமெடுக்கவோ அதனை அணுகலாகாது. பிடித்து விற்க எண்ணுதலும் தகாது. நம் நாட்டு மலைப்பாம்பு 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் காப்புடையது. மறைந்து வாழ உதவும் நிறத்தை இழந்த அவ்வுயிர் பருந்துக்கும் கீரிக்கும் எளிதிற் புலப்படும். விலகி நின்று அதற்கு வழிவிடுதலே அறமும் அறிவுமாகும்.