பிள்ளைகள் பார்க்கத் தக்க படமா?

சென்ற பள்ளி விடுமுறையில் ஒரு மாலை, கல்லடியிலுள்ள என் தமக்கையின் வீட்டுத் திண்ணையில் வாவிக் காற்று வாங்கியபடி நான் அமர்ந்திருந்தபோது, சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கும் அவள் மகள் கைத்தொலைபேசியை என்னிடம் நீட்டி, "மாமா, இந்தப் படத்தை நான் பார்க்கலாமா? அம்மா உங்களைக் கேட்கச் சொன்னா" என்றாள். மகோத்தோ ஷின்காய் இயக்கி 2022 நவம்பரில் ஜப்பானில் வெளிவந்த 'சுசுமே' என்னும் சித்திரப் படம் அது. கேள்வி சிறியதுதான். ஆயினும் அந்தப் படத்தின் அடிநாதம் 2011 மார்ச் 11 அன்று ஜப்பானின் வடகிழக்குக் கரையை அழித்த சுனாமி என்பதையும், என் தமக்கை 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வரும் வரையில் இங்கே கடற்கரையோர நாவலடியில் குடியிருந்தவள் என்பதையும் ஒருங்கே எண்ணிப் பார்த்த எனக்கு, உடனே விடை சொல்ல நா எழவில்லை.

சித்திரப் படம் என்றாலே அது சிறுவருக்குரிய விளையாட்டுப் பண்டம் என்னும் அபிப்பிராயம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. ஜப்பானியருக்கோ அது எல்லா வகைக் கதைகளையும் சொல்லுதற்குரிய ஓர் ஊடகம். சத்தோஷி கோன் 1997 இல் எடுத்த 'பெர்பெக்ட் புளூ' முதிர்ந்தோர்க்கு மட்டுமே உரிய படம். அதைச் சித்திரம்தானே என்று நம்பிப் பிள்ளையின் கையில் கொடுப்பவர் பெரும் பிழை செய்தவராவார். 1988 ஏப்ரலில், காட்டுத் தெய்வத்தோடு இரு சிறுமியர் கொள்ளும் நட்பைக் கூறும் 'டோட்டோரோ'வும், குண்டுவீச்சில் தாயை இழந்த பதினான்கு வயதுச் சிறுவனும் நான்கு வயதுத் தங்கையும் பசியால் மாண்டுபோகும் 'மின்மினிகளின் கல்லறை'யும், ஒரே நிறுவனத்தாரால் ஒரே காட்சியில் அடுத்தடுத்துத் திரையிடப்பட்டன என்பதை அறிந்தால், கோடுகளையும் வர்ணங்களையும் மட்டும் பார்த்து ஒரு படத்தின் தகுதியை நிர்ணயிக்க முடியாது என்பது விளங்கும்.

இதற்கென்றே ஜப்பானில் 'எய்ரின்' என்னும் தணிக்கைச் சபை, யாவரும் பார்க்கத் தக்கவை, 12 வயதுக்குட்பட்டோர் பெற்றோரின் ஆலோசனையுடன் பார்க்க வேண்டியவை, 15 வயதுக்குட்பட்டோர்க்கு விலக்கப்பட்டவை, 18 வயதுக்குட்பட்டோர்க்கு விலக்கப்பட்டவை என நான்கு படிகளை வகுத்திருக்கிறது. 'சுசுமே'க்குக் கிடைத்தது முதற்படி. ஆனால், படம் வெளிவருமுன்பே அதன் விநியோகஸ்தர்கள், இதில் நிலநடுக்கக் காட்சிகளும், நிலநடுக்க எச்சரிக்கை ஒலியைப் போன்ற ஒலியும் வருகின்றன என்று மக்களுக்கு ஓர் அறிவித்தல் விடுத்தார்கள். வயதுக் குறி படத்தை அளந்தது. இந்த அறிவித்தலோ பார்க்க வருபவரின் இருதயத்தை அளந்தது. கடல் கொண்ட ஊரில் வாழும் நமக்கு இரண்டாவது அளவே பிரதானமானது.

கதாநாயகி சுசுமேக்கு வயது 17. நான்கு வயதில் தாயை இழந்து சிற்றன்னையால் வளர்க்கப்பட்ட அவள், பாழடைந்த இடங்களில் தனித்து நிற்கும் கதவுகள் வழியே நிலநடுக்கத்தை உண்டாக்கும் ஒரு பூதம் வெளிப்படாதபடி, ஊர் ஊராகச் சென்று அக்கதவுகளைச் சாத்துகிறாள். ஒவ்வொரு கதவையும் சாத்துமுன் அங்கே ஒரு காலத்தில் வாழ்ந்த மக்களின் குரல்களை அவள் மனத்தால் கேட்க வேண்டும் என்பதே கதையின் விசேஷம். அலை வந்து மோதுவதையோ பிணங்களையோ இப்படம் காட்டுவதில்லை. எரியும் ஊரையும், கூரைமேல் ஏறி நிற்கும் கப்பலையும் காட்டுகிறது. கல்லடித் திருச்செந்தூர் முருகன் ஆலயத்தின் சாய்ந்த கோபுரத்தைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு, அந்தக் கப்பலின் பொருளை ஒருவரும் விளக்க வேண்டியதில்லை.

நான் தயங்கிய இடங்கள் வேறு. பள்ளியை விட்டு, வீட்டுக்கு உண்மை சொல்லாமல், முன்பின் அறியாதவர் வாகனங்களில் ஏறி அவள் தேசமெங்கும் திரிகிறாள். அவளைச் சந்திப்போரெல்லாம் நல்லவராயிருப்பது கதையின் தர்மம். உலகத்தின் தர்மம் அதுவன்று என்று பிள்ளைக்குச் சொல்லிவைத்தல் அவசியம். இதைவிடக் கூரியது, வழியிலே ஓரிடத்தில், உன்னை வளர்த்ததில் என் வாழ்வே கழிந்துபோயிற்று என்று சிற்றன்னை வெடித்துப் பேசும் காட்சி. அலையாலும் போராலும் தாயை இழந்தோ, தாய் மத்திய கிழக்குக்குப் பணிப்பெண்ணாகப் போனதாலோ, பெரியம்மாவிடமும் அம்மம்மாவிடமும் வளரும் பிள்ளைகள் எத்தனை பேர் இந்த வாவிக்கரையில் இருக்கிறார்கள்! தான் அஞ்சி அஞ்சி மறைத்துவைத்த ஐயத்தைத் திரையில் ஒருவர் வாய்விட்டுச் சொல்லக் கேட்கும் அப்பிள்ளையின் பக்கத்தில், அந்த நேரத்தில், தோளைத் தொட ஒரு கை இருக்க வேண்டும்.

நான் சொல்ல வந்ததும் இதுவே. நம் முன்னோர் பிள்ளைகளைத் துயரத்திலிருந்து விலக்கி வைத்தவர்களல்லர். துயரத்தோடு தனியே இருக்கவிடாதவர்கள். கூத்தின் வட்டக்களரியில் மத்தளம் முழங்க, விடியும் சாமத்தில் இளைஞனான அபிமன்யு பலரால் சூழப்பட்டு வீழ்வதை, பாயில் தாயின் மடியில் தலைவைத்துப் பார்த்தே இந்நாட்டுப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக வளர்ந்தார்கள். கூத்து முடிந்ததும், சற்றுமுன் இறந்தவன் ஒப்பனை கலைத்துத் தேநீர் குடிப்பதையும் கண்டார்கள். கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவிய சுவாமி விபுலானந்தர், 1926 இல் வெளிவந்த 'மதங்க சூளாமணி'யிலே ஷேக்ஸ்பியரின் நாடகங்களை நமது நாடக இலக்கணத்தின் துணைகொண்டு ஆராய்ந்தவர். ஆகவே அந்நியக் கலையை நம் அளவுகோலால் அளப்பதில் பிழையில்லை. அழுகையும் அச்சமும் மெய்ப்பாடுகளே. அவை எழுவது குற்றமன்று. எழுந்தவை எங்கே சென்று அடங்குகின்றன என்பதே கேள்வி. 'மின்மினிகளின் கல்லறை'யில் அவை அடங்குவதேயில்லை. அதனை உயர்தர வகுப்புப் பிள்ளைகள், பெரியவர் ஒருவரோடு பார்ப்பதே நன்று. 'சுசுமே'யில் அவை அடங்குகின்றன. பதின்மூன்று வயதுக்கு மேற்பட்டோர் அதனைப் பார்க்கலாம். ஆனால் நடுநிசியில், காதில் ஒலிக்கருவியை மாட்டிக்கொண்டு, போர்வைக்குள் தனியே அல்ல.

ஒரு ஞாயிறு மாலை மூவருமாக அமர்ந்து பார்த்தோம். மண்ணுள் புதைத்த பெட்டியிலிருந்து சுசுமே தன் சிறுவயது நாட்குறிப்பை எடுத்துப் புரட்டுகையில், மார்ச் 11 முதல் பக்கம் பக்கமாகக் கரிய வர்ணமே அப்பிக் கிடந்தது. தமக்கை மூச்சுவிடவில்லை. இறுதிக் கதவின் முன், அந்தக் காலையில் வீட்டைவிட்டுப் புறப்பட்டவர்களின் குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. "இத்தெகிமாஸ்." போகிறேன் என்பதன்று அதன் பொருள், சென்று வருகிறேன் என்பது.

"நம்மைப்போலத்தான் சொல்றாங்க" என்றாள் பிள்ளை வியப்புடன்.

தமக்கை சிறிது நேரம் பேசாதிருந்தாள். பிறகு, தானாகவே, மகள் ஒருநாளும் கேட்டிராத ஒரு பெயரைச் சொன்னாள். நாவலடியில் பக்கத்து வீட்டுச் சிநேகிதி; அந்தப் போயா நாள் காலையில் எங்கள் வீட்டில் தேநீர் குடித்துவிட்டு, "போயிற்று வாறன்" என்று படலையைச் சாத்திக்கொண்டு போனவள். இருபது வருஷங்களுக்கு மேலாக என்னிடம்கூடத் தமக்கை பேசாத விஷயம் அது. மகள் நகர்ந்து வந்து தாயின் கையைப் பிடித்துக்கொண்டாள். படம் ஓடிக்கொண்டிருந்தது, அதை நிறுத்த எவரும் எழவில்லை.

மறுநாள் காலை தனியார் வகுப்புக்குப் புறப்பட்ட பிள்ளை, வழக்கம்போலப் "போயிற்று வாறன் அம்மா" என்றாள். வழக்கத்துக்கு மாறாகத் தமக்கை அடுப்படியை விட்டு எழுந்து, படலை வரைக்கும் நடந்து வந்து, "ஓம், கவனமாப் போயிற்று வா மகள்" என்றாள்.